நீட்டுன வெரலு, பதிஞ்ச வெரலு

ஏலே பேராண்டி, அந்தப் போன கீழ வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. மூணு ராத்திரியா நீ வாசிச்ச, நான் கேட்டேன். இன்னைக்கி நான் பேசுதேன், நீ கேளு. விடிஞ்சி பஸ் ஏறிட்டன்னா பெறகு தீவாளிக்குத்தான் ஒன் மூஞ்சியப் பாக்கணும்.

அன்னைக்கி நீ பஸ்ஸ விட்டு எறங்கி, முதுகு வளைய மூட்டை சொமந்துட்டு வந்ததப் பாத்துட்டு, பட்டணத்துலேந்து பேரன் பலகாரம் கொண்டாரான்னு ஒன் ஆச்சி ஒலையில அரைப்படி அரிசி கூடப் போட்டா. அவுத்துப் பாத்தா அம்புட்டும் பொஸ்தகம்! ஒவ்வொண்ணும் அம்மிக்கல்லு கனம். என்ன பொஸ்தகம்லேன்னு கேட்டா, "சினிமாவ எப்படி எடுத்தாங்கன்னு சொல்லுத பொஸ்தகம் தாத்தா"ங்க. படத்தப் பாக்க நூத்தம்பது ரூவா. அத எப்படி எடுத்தான்னு பாக்க மூவாயிரம். கொழம்ப விட அம்மிக்கு வெல கூடுன காலமாப் போச்சுலே.

அதோட ஒரு சட்டம் வேற போட்ட. "வெத்தல போட்ட கையோட தொடாதீங்க தாத்தா, வெல கூடுன பொஸ்தகம்." தொட்டுட்டேன். அந்தப் பஞ்சாயத்தக் கடைசியில பேசுவோம்.

மொதல்ல ஒன் வேலையப் பத்தி ஒரு வார்த்த. மூணு வருசத்துக்கு முந்தி "ரோட்டோ வேல கெடச்சிருக்கு"ன்னு போனுல சொன்ன. நான் டீக்கடையில போயி, பேரன் ரோட்டு வேலையில சேந்துட்டான்னு சொல்லிட்டேன். அன்னையிலேருந்து மேலத்தெரு குண்டு குழிக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லிட்டு அலையுதேன். பெறகு வந்து நீ வெளக்குன. கதாநாயகன் வேப்பமரத்துக்கு முன்னால நிக்கான்; அவனுக்குப் பின்னால இமயமலைய வைக்கணும்; அதுக்கு அவன் ஓரத்தச் சுத்திக் கோடு போட்டு வெட்டி எடுக்கணும். செகண்டுக்கு 24 படம், ஒவ்வொண்ணுக்கும் கோடு. தலமயிரு காத்துல பறந்துச்சின்னா அன்னைக்கி ஒனக்குச் சோறு கெடையாது. கயித்துல தொங்கிப் பறக்குதவனுக்குக் கயித்த அழிக்கணும். ஒன் வேல நல்லா நடந்தா, நீ வேல பாத்ததே எவனுக்கும் தெரியக் கூடாது. அதான?

அந்த வேலைய நானும் பாத்திருக்கேன்லே. நம்மூர் கோயில் கொடைக்கி வள்ளி திருமணம் நாடகம் போடுவாக. கெழவன் வேசத்துல வந்த முருகனுக்கு வள்ளி மசிய மாட்டா. ஒடனே அவரு அண்ணன் பிள்ளையார யானையா வரச் சொல்லுவாரு. அந்த யானைக்கு முன்னங்கால் ஒருத்தன், பின்னங்கால் நான். பதினோரு வருசம். மூங்கில் வரிச்சி, அதுக்கு மேல சாக்கு, சாக்குக்கு மேல கரியும் சாம்பலும் கொழச்சிப் பூசுன பூச்சு. முன்னங்கால்காரனுக்காச்சும் தும்பிக்கை ஓட்டை வழியா வெளிச்சம் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒலகமெல்லாம் அவன் இடுப்பு வேட்டிதான். திரைக்குப் பின்னால நடக்குத சங்கதியப் பேச எனக்கு என்ன தகுதின்னு எவனும் கேட்டா, இதச் சொல்லு: எங்க தாத்தா திரைக்கு முன்னால வந்து நின்னப்பவும் பின்னாலதான் இருந்தாருன்னு.

சரி, பொஸ்தகத்துக்கு வருவோம். எழுத்து எனக்கு வராது, கைநாட்டுதான். ஆனா நீ வாசிச்ச வருசம், பேரு எல்லாம் பால்கணக்கு மாதிரி மனசுல முடிஞ்சி வச்சிருக்கேன். ஒவ்வொரு பேரும் வாயில நொழைய மூணு வெத்தல செலவாச்சு.

இந்தப் பொஸ்தகத்துல ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு கலியாண ஆல்பம். இன்னொண்ணு கலியாண வீட்டுச் சமையக்கட்டு. ஆல்பத்துல எல்லாரும் பல்லக் காட்டுவான். பாயாசம் அடிபிடிச்ச சங்கதி சமையக்கட்டுல நின்னவனுக்குத்தான் தெரியும்.

ஆல்பம் போடணும்னா நானே போட்டுருவேன், எழுதிக்க. மொதப் பக்கத்துல டைரக்டர் வெரல நீட்டிட்டு நிக்கணும். நீ காட்டுன படத்துல எல்லாம் பாத்தேன், எந்த நாட்டு டைரக்டரா இருந்தாலும் ஒரு தெசையப் பாத்து வெரல நீட்டுதாரு. அந்தத் தெசையில என்ன இருக்குன்னு ஒரு பக்கத்துலயும் போடல. டீ வருதான்னு பாத்திருப்பாரு. ரெண்டாவது பக்கத்துல, "நாங்க எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்"னு எழுதணும். குடும்பத்துல இருக்கவனுக்குத் தெரியும் அதுக்கு என்ன அர்த்தம்னு. வரப்புத் தகராறுல நானும் ஒன் சின்னத் தாத்தாவும் பேச்ச விட்டு இருவது வருசம் ஆச்சி, நாங்களும் ஒரே குடும்பந்தான். மூணாவது, படத்துல வராத ராச்சசன், வராத அரமனை, வராத பறக்குத கப்பலு எல்லாத்தையும் கலர் கலரா வரைஞ்சி அம்பது பக்கம். கடைசியில எல்லாருக்கும் நன்றி. படம் வெளியாகுத அன்னைக்கே பொஸ்தகமும் கடைக்கி வந்துரும். புள்ள பெறக்க முந்தியே பெரிய மனுசனாயிட்டான்னு பத்திரிக அடிச்ச மாதிரி.

அதுல நம்மளுக்கு ஒண்ணும் இல்ல. சமையக்கட்டுப் பொஸ்தகத்த எடு. அந்தக் குரங்குப் பொஸ்தகம் இருக்கே, அது.

'கிங் காங்' 1933இல வந்த படம். மலைக் கணக்கா ஒரு குரங்கு, நியூயார்க்குல ஒசந்த கட்டடத்து உச்சியில ஏறி நின்னு ஏரோப்ளேன அடிக்கி. எங்க அப்பன் காலத்துப் படம். அந்தக் குரங்கோட ஒசரம் என்ன? ஒண்ணரை, ரெண்டு அடி. நம்ம வீட்டுக் குத்துவெளக்கு அளவு. உள்ள உலோக எலும்பு, வெளிய ரப்பரும் பஞ்சும், மேல முயல்தோலு. வில்லிஸ் ஓபிரையன்னு ஒருத்தரு தலைமையில, அத ஒரு மயிரிழை நகட்டி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகட்டி இன்னொரு படம். செகண்டுக்கு 24.

இப்ப வெவகாரத்துக்கு வாரேன். ஒவ்வொரு தரமும் பொம்மையத் தொட்டு நகட்டும்போது, தொட்ட வெரலு முயல்மயிருல பதிஞ்சிரும். மயிரு அங்கன இங்கன கலைஞ்சி நிக்கும். திரையில ஓட்டிப் பாத்தா, குரங்கு மேலெல்லாம் மயிரு நெளியுது. எடுத்தவன் தலையில கைய வச்சிருப்பான், போச்சே, குட்டு ஒடைஞ்சிட்டேன்னு. ஆனா பாத்தவனுக்கு எப்படித் தெரிஞ்சிது? குரங்குக்குக் கோவத்துல ரோமம் சிலுத்துக்கிட்டு நிக்கின்னு! தப்பு அப்படியே உசுராயிட்டுலே. தொண்ணூறு வருசம் கழிச்சி இன்னைக்கும் அந்தப் படத்த ஓட்டுனா, கூலிக்கி வந்து பொம்மையத் தொட்டவனோட வெரலு அங்கன நெளியுது.

இந்தச் சங்கதிக்குன்னே 1975இல ஒரு பொஸ்தகம் வந்திருக்கு, 'தி மேக்கிங் ஆஃப் கிங் காங்'னு. எழுதுன ரெண்டு பேருல ஒருத்தரு, ஓர்வில் கோல்ட்னர், அந்தப் படத்துலயே வேல பாத்தவரு. படம் வந்து 42 வருசம் கழிச்சி எழுதுதாரு. மொதலாளிக்குப் பயப்பட வேண்டிய வயசு தாண்டிட்டு, பாத்துக்க. கை சுட்டவன் சொல்லுத அடுப்புக் கதைக்கி ருசி தனி.

அதான் பேராண்டி நான் சொல்ல வந்தது. பொஸ்தகத்துல ரெண்டு வெரலு இருக்கு. ஒண்ணு நீட்டுன வெரலு. இன்னொண்ணு பதிஞ்ச வெரலு. நீட்டுன வெரலு தானா கண்ணுல படும், பாதிப் பக்கத்துக்குப் போட்டிருப்பான். பதிஞ்ச வெரலத் தேடணும். அது எங்க இருக்கோ அங்கதான் ஒன் மூவாயிரம் ரூவா இருக்கு.

அந்தக் குரங்குப் படத்த லாஸ் ஏஞ்சல்ஸ்ல சின்னப் பையன் ஒருத்தன் பாத்துட்டு, அதுலயே சொக்கிக் கெடந்திருக்கான். ரே ஹாரிஹாசன். இவரு பதிஞ்ச வெரலுக்கே பொறந்தவரு. தனியா உக்காந்து, தானே பொம்ம செஞ்சி, தானே நகட்டுவாரு. 1955இல ஒரு படத்துக்கு ராச்சச ஆக்டோபஸ் கேட்டாக. அது சான் பிரான்சிஸ்கோவுல கோல்டன் கேட் பாலத்தப் பிடிச்சி உலுக்கணும். எட்டுக் காலு வைக்கக் காசு காணாது. மனுசன் என்ன செஞ்சாரு? ரெண்டக் கழிச்சிட்டு ஆறே கால்ல முடிச்சிட்டாரு! தண்ணிக்குள்ள கெடக்குததுக்கு எத்தன காலுன்னு எவன் முங்கி எண்ணப் போறான்? ஆனா அத மறைக்கலலே. தானே சிரிச்சிட்டே சொல்லுவாராம். நம்மூர்ல ஒரு கம்புக்கு ரெண்டு கம்பு பில்லு போடுதவன் இருக்கான். ரெண்டு கால் கொறச்சதச் சொல்லிச் சிரிக்க எத்தன பேரு இருக்கான்?

அதே மனுசன் 1963இல 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்'னு ஒரு படத்துல ஏழு எலும்புக்கூட மூணு ஆளோட சண்ட போட விட்டிருக்காரு. திரையில சில நிமிசம். எடுக்க நாலரை மாசம். ஒரு நாள் முழுக்க முதுகொடிஞ்சா சராசரி 13 படம். அரைச் செகண்டுக்குக் கொஞ்சம் கூட. நீ ஒரு நாளைக்கி இத்தன பிரேம் முடிக்கலன்னு மேனேஜர் ஏசுதான்னு சொன்னேல்லா, அடுத்த தரம் இந்தப் பக்கத்தத் தொறந்து அவன் மேசையில வச்சிட்டு ஒண்ணுக்குப் போற மாதிரி எந்திரிச்சிப் போயிரு.

அடுத்து ஒரு பேனா சங்கதி வாசிச்ச பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி', 1968. ராக்கெட்டுல ஒருத்தன் ஒறங்குதான். அவன் கையிலேருந்து நழுவுன பேனா ஆகாசத்துல மெதந்து சுத்துது. பணிப்பொண்ணு வந்து பூப்பறிக்கிற மாதிரி அத எடுக்கா. நானும் கயிறா இருக்கும், காந்தமா இருக்கும்னு மண்டைய ஒடச்சேன். பெரிய கண்ணாடித் தகடு, அதுல ரெண்டு பக்கமும் ஒட்டுத டேப்பால பேனாவ ஒட்டியிருக்கான், கண்ணாடியச் சுத்தியிருக்கான். அவ்வளவுதான்! கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது, பேனா மட்டும் தெரியும். கோடி கோடியாக் கொட்டி எடுத்த படத்துல ஒலகம் வாயப் பொளந்த எடம், ஒரு ஒட்டுத் துண்டு.

படத்தப் பத்தி ஜெரோம் ஏஜல் தொகுத்த பொஸ்தகம் 1970இலயே வந்துட்டு. ஆனா நீ அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தொண்டையில நின்னுச்சி. அந்தப் படத்தோட தந்திரக் காட்சிக்கி மேல்பார்வை பாத்தது வாலி வீவர்ஸ், டக்ளஸ் டிரம்புல், கான் பெடர்சன், டாம் ஹோவர்டுன்னு நாலு பேரு. படத்துலயே பேரு ஓடுது. ஆஸ்கர் குடுத்தப்ப யாருக்குக் குடுத்தான்? டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் ஒருத்தருக்கு. அம்புட்டுப் பெரிய மனுசன் ஆயுசுக்கும் வாங்குன ஒரே ஆஸ்கர் அதுதான். கொறையே சொல்ல மாட்டேன், மூளைக்காரருதான். ஆனா யானைக்கி மால போட்டா தும்பிக்கையிலதான் போடுதான். வாலுப் பக்கம் வந்து எனக்கு எவனும் போட்டதில்ல.

பெறகு அந்தத் தடிப் பொஸ்தகம், 'ஸ்டார் வார்ஸ்'. படம் 1977. பொஸ்தகம் வந்தது 2007, எழுதுனவரு ரின்ஸ்லர். ஏன் அது சமையக்கட்டுன்னு சொல்லுதேன்? படம் எடுக்கும்போதே சார்லஸ் லிப்பின்காட்னு ஒருத்தரு வேல பாத்த ஆளுகளையெல்லாம் பிடிச்சி வச்சிப் பேட்டி எடுத்திருக்காரு. அந்தப் பேச்சு முப்பது வருசமாப் பொட்டிக்குள்ள கெடந்திருக்கு. படம் செயிக்குமா தோக்குமான்னு தெரியாத அன்னைக்கிப் பேசுன பேச்சு! செயிச்ச பெறகு எல்லாரும் "எனக்கு அப்பவே தெரியும்"பான். தெரியாம முழிச்ச அன்னைக்கிப் பேசுனாத்தான் உண்ம வரும். வெத நெல்லு மாதிரி, பத்திரமா முடிஞ்சி வச்சாத்தான் மொளைக்கும்.

அதுல என்ன வருது? 1975இல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வான் நைஸ்னு ஒரு எடத்துல கோடவுனப் பிடிச்சி, ஜான் டைக்ஸ்ட்ரா தலைமையில தாடி வளத்த பயகளாச் சேத்து ஒரு பட்டறையத் தொடங்குதாக. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்னு பேரு. வெளக்குச் சூட்டுல உள்ள வெந்து போகுதுன்னு, வெளிய தொட்டியில பச்சத்தண்ணிய நெரப்பி அதுல போய் விழுந்து கெடப்பானாம். நம்ம பம்புசெட்டுத் தொட்டிதான். டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் இங்கிலாந்துல நடிகமாரையெல்லாம் எடுத்து முடிச்சிட்டு 1976இல திரும்பி வந்து பாக்காரு: ஒதுக்குன பணத்துல பாதி காலி, உருப்படியாத் தேறுன காட்சிய வெரல் விட்டு எண்ணிரலாம். மனுசனுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்கிப் போயிட்டாரு. நம்ம பக்கத்துல ஓட்டுவீடு கட்டுதவன் கொத்தனாருக்கு முன்பணம் குடுத்துட்டு ஊருக்குப் போயி வந்து பாத்தா எப்படி இருக்குமோ, அப்படி.

ஆனா அந்தப் பயக சும்மா இருக்கல. காசெல்லாம் ஒரு எந்திரத்துக்குப் போயிருக்கு. கப்பல் பொம்ம நின்ன எடத்துல நிக்கும்; கேமரா கம்ப்யூட்டர் சொன்ன தடத்துல அதச் சுத்திப் போகும். எத்தன தரம் ஓட்டுனாலும் அதே தடம், மயிரிழை மாறாது. அதனால ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்து ஒண்ணுமேல ஒண்ணாச் சேக்கலாம். நம்ம செக்குல மாடு சுத்தும், செக்கு நிக்கும். அங்க மாடு நிக்கி, செக்கு சுத்துது. செக்கக் கட்டி முடிக்க நேரமாயிட்டு, அப்புறம் எண்ணெய் தானா ஒழுகிச்சி. அந்த ஆகாசக் கப்பல் மேல பொடிசு பொடிசா எந்திரமா ஒட்டியிருக்கே, அதெல்லாம் என்னன்னு நெனச்ச? கடையில வாங்குன பிளாஸ்டிக் பொம்மக்கட்டு. பீரங்கி வண்டி, போர்க்கப்பலு, ரேஸ் காரு. ஒடச்சி ஒடச்சி ஒட்டியிருக்கான், அதிரசத்துல எள்ளு ஒட்டுன மாதிரி. இத வாசிச்ச அன்னைக்கித்தான் அந்தப் பயக மேல எனக்கு ஒரு பாசமே வந்துச்சி. நானும் யானைக்குக் கண்ணு வச்சது சோடாப்புட்டிக் கோலிதான்.

இப்பச் சொல்லப் போறத மட்டும் காதத் தீட்டிக்கிட்டுக் கேளு. ராத்திரி கயித்துக் கட்டில்ல படுத்துட்டு நீ ஒன் அம்மாகிட்டப் பொலம்புனது எனக்குக் கேட்டுச்சி. ரோட்டோ வேலைய இனி மிசினே போட்டுரும், நான் எங்க போவேன்னு. அதுக்குத்தான் அந்த டைனோசர் பொஸ்தகம் இருக்கு, நீயே வாசிச்சிட்டு நீயே மறந்துட்ட.

'ஜுராசிக் பார்க்', 1993. அதே வருசம் டான் ஷேயும் ஜோடி டங்கனும் பொஸ்தகம் போட்டிருக்காக. படம் வந்த வருசமே வந்தாலும் அது ஆல்பம் இல்ல. அவுக 'சினிஃபெக்ஸ்'னு சமையக்கட்டுப் பத்திரிகையே நடத்துனவுக. 1980இல தொடங்கி, 172 இதழு போட்டு, 2021இல கடையச் சாத்திருக்காக. ஒன்ன மாதிரிப் பயக அத ராமாயணம் மாதிரி அடுக்கி வச்சிருக்கான்னு சொன்ன.

அந்தப் படத்துல ஓடுத டைனோசரப் பொம்மையா நகட்டி எடுக்கத்தான் ஏற்பாடு. அதுல கெட்டிக்காரரு ஃபில் டிப்பெட். வேல நடந்துட்டு இருக்கும்போதே, அந்த 'ஸ்டார் வார்ஸ்' பட்டறையில ரெண்டு மூணு பயக கம்ப்யூட்டர்ல எலும்புக்கூட்ட ஓட விட்டு, பெறகு தோலையும் போத்திக் காட்டிட்டானுவ. டைரக்டர் ஸ்பில்பெர்க் பாத்தாரு. டிப்பெட்டும் பாத்தாரு. டைனோசர் மாதிரி நானும் அழிஞ்சி போன சாதி ஆயிட்டேன்னு டிப்பெட் பொலம்ப, டைரக்டர் அதையும் விடாம படத்துல ஒரு வசனமா வச்சிட்டாரு. துக்க வீட்டுலயும் துண்டு போட்டு எடம் பிடிக்கிற ஆளு!

ஆனா அதோட கத முடியல. கம்ப்யூட்டர்ப் பயகளுக்கு எல்லாம் தெரிஞ்சிது, ஒரு மிருகம் எப்படி ஊனி நடக்கும், எப்ப மூச்சு விடும், திரும்ப முந்தி எந்தக் கால எடுக்கும்னு தெரியல. அதுக்கு டிப்பெட் வேண்டியிருந்துச்சி. மூட்டுக்கு மூட்டு ஒயரு வச்ச ஒரு டைனோசர் எலும்புக்கூட்டச் செஞ்சாக. அத அவரு ஆளுக கையால நகட்டுனா, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கது அப்படியே நகரும். கை பழசு, கருவி புதுசு. அந்த வருசம் ஆஸ்கர் மேடையில ஏறுன நாலு பேருல டிப்பெட்டும் ஒருத்தரு. மிசினு கோடு போடட்டும்லே. மயிரு காத்துல எந்தப் பக்கம் பறக்கும்னு மூணு வருசமாப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்தவன் நீ. கோட்ட வித்துப் பொழைக்காத. கண்ண வித்துப் பொழச்சிக்க.

இன்னொண்ணு. அம்புட்டுப் பேரெடுத்த படத்துல டைனோசர் தல காட்டுததே கால் மணி நேரம் பக்கந்தான், அதுலயும் பாதிக்கி மேல நெசப் பொம்ம. அந்தப் பெரிய டைனோசரு மழையில நனைஞ்சி, ரப்பர்த் தோலு தண்ணியக் குடிச்சி, கனம் தாங்காம குளுர் சொரம் வந்த மாதிரி நடுங்கியிருக்கு. ஒவ்வொரு காட்சிக்கி எடையிலயும் துண்டெடுத்துத் தொவட்டியிருக்காக. ஒன்னய ஆச்சி குளிப்பாட்டித் தொவட்டுன கணக்கா! டம்ளர்த் தண்ணியில வட்டம் வட்டமா அல வருமே, டைனோசர் நடந்து வருதுன்னு நம்மளுக்கு வயிறு கலங்குமே, அது என்ன? வண்டிக்கி அடியில ஒரு கிட்டார்க் கம்பியக் கட்டி ஒருத்தன் சுண்டுதான். ஒலகத்தப் பயமுறுத்துனது ஒரு கம்பி, ஒரு வெரலு.

கடைசியா அந்தப் புலிப் பொஸ்தகம். 'லைஃப் ஆஃப் பை'. நம்ம பாண்டிச்சேரியில தொடங்குத கத, அங்கயே வந்தும் எடுத்திருக்கான். நடுக்கடலுன்னு காட்டுனது தைவான்ல ஓடாமக் கெடந்த விமான நெலயத்துல கட்டுன தண்ணித் தொட்டி. படகுல பையனுக்கு எதுத்தாப்புல புலியே கெடையாது. நெசப் புலி தனியாக் கொஞ்ச நேரம் வரும், மத்ததெல்லாம் கம்ப்யூட்டர்ப் புலி. அத செஞ்ச கம்பெனி ரிதம் அண்ட் ஹியூஸ். முன்னால பன்னிக்குட்டியப் பேச வச்சி ஆஸ்கர் வாங்குன கம்பெனி. மும்பையிலயும் ஐதராபாத்துலயும் அதுக்குக் கெள இருந்துச்சி.

பொஸ்தகம் 2012இல வந்திருக்கு. படம் படமாப் பாத்தேன், அழகோ அழகு. ஆனா கத அதுக்குப் பெறகுல்லா நடக்குது! 2013 பிப்ரவரியில அந்தக் கம்பெனி திவாலாயிட்டேன்னு கோர்ட்டுல நின்னுச்சி. பத்துப் பன்னெண்டு நாளு கழிச்சி அதே புலிக்கி ஆஸ்கர். வெளிய தெருவுல வேல போனவனெல்லாம் பதாகை பிடிச்சி நிக்கான். உள்ள மேடையில பரிசு வாங்குனவரு, எங்க கம்பெனி நட்டத்துல கெடக்குன்னு வாயெடுக்காரு, ஒடனே சுறாமீன் படத்து மேளத்தப் போட்டு மைக்க அமத்திட்டான். புலியச் செஞ்சவனச் சுறாவ விட்டு வெரட்டுன கதைய அந்த வழவழ பொஸ்தகத்துல எங்க தேடுவ? அச்சு காஞ்ச பெறகு நடந்தது அச்சுல வராதுலே. அதனாலதான் சொல்லுதேன், இந்தப் பொஸ்தகத்தப் பின்னாலேருந்து வாசி. கடைசிப் பக்கத்துல எறும்பு ஊருத மாதிரிப் பொடி எழுத்துல பேரு போட்டிருக்கானா, எத்தன பேரு, அதுக்குப் பெறகு அவுக என்ன ஆனாகன்னு பாத்துட்டு, பெறகு முன்பக்கத்து நீட்டுன வெரலுக்கு வா.

ஒன் அம்மா என்ன சொல்லுதா? "எப்படி எடுத்தான்னு தெரிஞ்சிட்டா அப்புறம் படத்துல என்ன இருக்கு?"ங்கா. அதுக்கு எங்க யானை பதில் சொல்லும். ஒரு கொடையில, மேடை ஓரத்து ஆணியில சாக்கு மாட்டிக்கிட்டு. முன்னங்கால்காரனுக்குத் தெரியாது. அவன் வள்ளியத் தொரத்திட்டுப் போயிட்டான். முன்பாதி யானை மேடைக்கி அந்தப் பக்கம் பிளிறுது. பின்பாதி, வாலோட, இந்தப் பக்கம் நிக்கி. அந்தப் பின்பாதி நான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கி. வள்ளி முந்தானைய வாயில வச்சிக்கிட்டா. பபூன்காரன் கெட்டிக்காரன், ஒரே பாய்ச்சலா வந்து, "வள்ளியோட அழகப் பாத்து யானையே ரெண்டா ஒடஞ்சி போச்சய்யா"ன்னான். கைதட்டு அடங்க அரை நாழியாச்சி. மறுநாக் காலையில ஊர்ப் பிள்ளையெல்லாம் வந்து சாக்கத் தூக்கிப் பாத்து, மூங்கிலத் தட்டிப் பாத்து, கோலிக் கண்ணப் பிடுங்கப் பாத்துச்சி. ஒளிவு மறவு ஒண்ணும் பாக்கி இல்ல.

அடுத்த வருசம் அதே பிள்ளைக முன்வரிசையில எடம் பிடிச்சி உக்காந்துச்சி. யானை வந்துச்சி. கத்துன கத்துல ரெண்டு பிள்ள பாயிலயே ஒண்ணுக்குப் போயிட்டு. தெரிஞ்சிக்கிட்டவன் ரெண்டு தரம் பாக்கான்லே. யானைய ஒரு தரம், எங்க நாலு கால ஒரு தரம்.

பதினோரு வருசம் ஒழுங்கா நடந்தேன், எவனுக்கும் என்னயத் தெரியாது. ஒரு நா கிழிஞ்சிச்சி, இன்னைக்கி வரைக்கும் பின்னங்கால் தாத்தான்னாத்தான் இந்த ஊருக்கு என்னயத் தெரியும்.

சரி, எந்திரி. ஆச்சி ரெண்டு தரம் கூப்புட்டுட்டா. பொஸ்தகத்தையெல்லாம் துணியில சுத்தி வை. அந்தக் குரங்குப் பொஸ்தகத்துல, பொம்மைய ஒருத்தன் தொட்டு நகட்டுத படம் இருக்குல்லா, அந்தப் பக்கத்துல சுண்ணாம்பும் வெத்தலச் சாறுமா ஒரு பெருவெரல் தடம் இருக்கும். நாந்தான். நல்லாப் பாக்கணும்னு கொஞ்சம் அமுத்திட்டேன். வையாத. கைநாட்டுக்காரன் பொஸ்தகத்துல வேற எப்படிப் பேரு போடுவான்? ஊருக்குப் போயி, கயித்த அழிக்கிற மாதிரி அதையும் ஒன் கம்ப்யூட்டர்ல போட்டு அழிச்சிராதலே.